உப்புக்கு வேய்ந்த ஓலை

மார்கழி பிறந்ததும் மரக்காணத்தில் குளிர் வந்துவிட்டதாக எல்லோரும் சொன்னார்கள். அப்படிச் சொல்ல வருஷத்தில் ஒரு மாதம்தான் கிடைக்கிறது. அதை யாரும் வீணாக்குவதில்லை. டீக்கடையில் காது வரை மப்ளர் சுற்றிக்கொண்டு நின்றவர்கள், அப்போதுதான் இமயமலையிலிருந்து பஸ் இறங்கியவர்கள் மாதிரி கையைத் தேய்த்துக்கொண்டார்கள்.

நாய்கள் எதுவும் சொல்லவில்லை. தெய்வசிகாமணியின் உப்பு அம்பாரத்துக்குள் புகுந்துகொண்டன.

பாத்தியில் விளைந்த உப்பை வாரி, நீளமாக வீடு மாதிரிக் குவித்து, மழையும் பனியும் இறங்காமல் பனையோலை வேய்ந்து வைப்பதுதான் அம்பாரம். தெய்வசிகாமணியுடையது போன கோடையில் வாரியது. உப்பளத்தில் மற்றவர்கள் எல்லோரும் ஐப்பசி மழைக்கு முன்பே விற்றுக் கையைக் கழுவிக்கொண்டார்கள். இவர் விற்கவில்லை. மழைக்காலத்தில் உப்பு கிடைக்காது, விலை ஏறும் என்றார். ஏறியது. இன்னும் ஏறும் என்றார். அது அவர் சொன்னதைக் கேட்கவில்லை. மாசியில் புது உப்பு வந்துவிடும். அதற்குப் பிறகு பழைய அம்பாரத்தைத் திரும்பிப் பார்க்க ஆள் இருக்காது. கடைசியில் காசிலிங்கம் என்ற வியாபாரி பொங்கல் கழித்து லாரி கொண்டுவருவதாகச் சம்மதித்தான். ஒரே நிபந்தனைதான்.

"உப்பு காஞ்சி இருக்கணும்ண்ணா. ஈரம் கண்டா வண்டியத் திருப்பிக்கினு போய்டுவேன். அப்புறம் மூஞ்சத் தூக்கி வெச்சிக்கக் கூடாது."

ஆக, அந்தப் பரந்த வெட்டவெளியில் ஓலை வேய்ந்த அம்பாரம் ஒன்றே ஒன்றுதான் மிச்சமிருந்தது. நாய்களுக்குத் தேர்ந்தெடுக்கும் சிரமம் இல்லாமல் போயிற்று.

செய்தியைக் கொண்டுவந்தவன் பக்கிரி. தெய்வசிகாமணியிடம் பல வருஷமாக வேலை செய்பவன். இருட்டோடு வந்து புது உப்புக்குப் பாத்தி மிதித்துக் கெட்டிப்படுத்திக்கொண்டிருந்தவன், சேற்றுக் காலோடு வந்து நின்றான்.

"மொதலாளி, அம்பாரத்துல குடி வந்திருக்குது."

"யாருப்பா?"

"வாடக குடுக்காதவங்கதான்."

தெய்வசிகாமணி போய்ப் பார்த்தார். வாடைக்காற்று வடக்கிலிருந்து அடித்தது. நாய்கள் தெற்குப் பக்கத்தைப் பிடித்திருந்தன. ஓலையை வாயால் இழுத்துப் பிரித்து, ஓலைக்கும் உப்புக்கும் நடுவில் அறை போட்டிருந்தன. மூன்று தலைகள் வெளியே தெரிந்தன. உள்ளே ஒரு செவலைப் பெட்டை. அதன் வயிற்றருகே குட்டிகள் புழு மாதிரி நெளிந்தன. ஓலையில் விரல் நுழையும் சந்து இருந்தாலே பனி இறங்கி உப்பைக் கரைக்கும். இதில் ஒரு குடும்பமே நுழைந்திருந்தது.

அவர் கழியை எடுத்தார். செவலை பல்லைக் காட்டியது. அவர் கழியைக் கீழே போட்டார்.

வீட்டில் இதைச் சொன்னபோது மகள் சத்யப்ரியா சாப்பாட்டிலிருந்து நிமிர்ந்தாள். அவள் பாண்டிச்சேரியில் ஒரு கம்பெனியில் வேலை பார்ப்பவள். காலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது தெருநாய்களுக்கு பிஸ்கட் போடுவாள். செவலைக்கு அவள் வைத்த பெயர் ஹனி. செவலைக்கு அது தெரியாது.

"அப்பா, அதுங்க மேல கைய வெச்சீங்கன்னா நானே போலீஸ்ல கம்ப்ளைண்ட் குடுப்பேன்."

"பெத்த அப்பன் மேலயா?"

"பின்ன நாய் மேலயா குடுக்க முடியும்?"

"குடுக்கட்டும்," என்றாள் அவர் மனைவி ஜெயா, தோசையைத் திருப்பிக்கொண்டே. "ஸ்டேஷன்லயாவது ஒரு நாள் பேசாம உக்காந்திருப்பாரு. ஐப்பசியிலயே வித்துடுங்கன்னு தலையால தண்ணி குடிச்சேன். கேட்டாரா உங்கப்பா?"

தெய்வசிகாமணி கெட்டவர் இல்லை. நாய்கள் மேல் அவருக்குப் பகை எதுவும் கிடையாது. மனிதர்களில் பெரும்பாலானவர்கள் மேல் அவருக்கு என்ன அபிப்பிராயமோ அதே அபிப்பிராயம்தான் நாய்கள் மேலும் இருந்தது: தன் உப்பைத் தொடாதவரை நன்றாக இருக்கட்டும்.

இரவெல்லாம் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். நாய்கள் வந்தது குளிருக்காக. வேறு இடத்தில் சூடாகப் படுக்க வைத்தால் போய்விடும். அடிக்கவும் வேண்டாம், மகள் போலீசுக்குப் போகவும் வேண்டாம். இவ்வளவு சுலபமான யோசனை வேறு யாருக்கும் தோன்றவில்லையே என்று அவருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பாத்திக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டார் கொட்டகை பக்கத்திலேயே இருந்தது. மூன்று பக்கம் செங்கல் சுவர், மேலே ஆஸ்பெஸ்டாஸ். உள்ளே கிடந்த சாக்குகளை எடுத்து உதறினார். தரையில் இரண்டு அடுக்காக விரித்தார். ஓரங்களைக் கையால் நீவிச் சரிசெய்தார். தன் மகள் குழந்தையாக இருந்தபோது பாய் விரித்துப் போட்டதாக அவருக்கு ஞாபகம் இல்லை. வீட்டிலிருந்து சோற்றில் கானாங்கெளுத்தி முள்ளைப் பிசைந்து கொண்டுவந்து வாசலில் வைத்தார்.

நாய்கள் வந்தன. சாப்பிட்டன. சாக்கின் மேல் வட்டமாகச் சுற்றிப் படுத்தன. தெய்வசிகாமணி நிம்மதியாக வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை நாய்கள் அம்பாரத்தில் இருந்தன.

மேலும் சாக்கு போட்டார். அன்றைக்கும் வந்து சாப்பிட்டன. முகர்ந்து பார்த்தன. ஒன்று படுத்து, எழுந்து, உடம்பை உதறிக்கொண்டு வெளியே போயிற்று. மற்றவையும் பின்னால் போயின. விருந்துக்கு வந்தவர்கள் சாப்பிட்டதும் பஸ் நேரத்தைச் சொல்லிக்கொண்டு கிளம்புகிற மாதிரி இருந்தது.

"நன்னி கெட்ட ஜென்மங்க," என்றார் தெய்வசிகாமணி.

"நாய்க்கு நன்னி ஜாஸ்தின்னு சொல்லுவாங்களே மொதலாளி," என்றான் பக்கிரி.

"நீ பாத்தியப் போய் மிதி."

அடுத்த நாள் சோறு கொண்டுவந்தது ஜெயா. குனிந்து வைத்தவள் சாக்கைத் தொட்டுப் பார்த்தாள். கையை எடுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"இது இன்னா சாக்குங்க?"

"நம்ம சாக்குதான்."

"உப்புச் சாக்கா?"

தெய்வசிகாமணி மோட்டாரைப் பார்த்தார்.

உப்பு ஊறிய சாக்கு காய்வதே கிடையாது. நல்ல வெயிலில் காய்ந்த மாதிரி காட்டும். சாயந்தரம் காற்றில் இருக்கிற ஈரத்தையெல்லாம் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொள்ளும். இது மரக்காணத்தில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். அவர் பரம்பரையாக உப்பு விளைவிப்பவர். தன் ரத்தத்தில் உப்பு ஓடுகிறது என்று கல்யாண வீடுகளில் சொல்லிக்கொள்பவர். ஒருவேளை அதனால்தான் சாக்கில் இருந்த உப்பு தனியாகத் தெரியவில்லை போலிருக்கிறது. கொட்டும் மார்கழிப் பனியில், நடுங்குகிற நாய்க்கு அவர் தன் கையால் ஈரத்துணி விரித்து, ஓரத்தையும் நீவி விட்டிருந்தார்.

"நல்ல மனசு," என்றாள் ஜெயா.

"அவசரத்துல எடுத்தது."

"ஆமா. நிதானமா எடுத்தா மட்டும் உங்க கொட்டகையில பஞ்சு மெத்தையா கெடைக்கப் போவுது?"

இது இப்படியே முடிந்திருந்தால் அவருக்கும் நாய்களுக்கும் நடந்த தனிப்பட்ட தகராறாகப் போயிருக்கும். ஆனால் அவர் குனிந்து சாக்கை நீவிக்கொண்டிருந்ததை சத்யப்ரியா பின்னாலிருந்து போட்டோ எடுத்திருந்தாள். முகம் தெரியவில்லை. வளைந்த முதுகும் ஒரு நாயும் தெரிந்தன. அதை இணையத்தில் போட்டு, "என் அப்பா. பேச மாட்டார். செய்வார்" என்று எழுதியிருந்தாள். தெய்வசிகாமணி பேசாமல் இருந்ததை அந்த வீட்டில் யாரும் பார்த்தது கிடையாது. அவர் செய்ததோ ஈரச்சாக்கு விரித்தது. இரண்டும் சேர்ந்து ஊர் ஊராகப் போயின. முன்பின் தெரியாதவர்கள் அழுகிற பொம்மை முகங்களை அனுப்பினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு கார்கள் உப்பளத்து மண் ரோட்டில் வந்து நின்றன. இறங்கியவர்கள் 'கடலோரக் கருணை' என்ற குழுவைச் சேர்ந்தவர்கள். குழுவின் தலைவி ரேகா. பொம்மையார்பாளையத்தில் கடலைப் பார்த்த வீடு. நல்ல பெண்மணி. அடிபட்ட நாயை மடியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறவள். குளிர் என்றால் என்ன என்பதை மட்டும் வெளியூர் வீடியோக்களிலிருந்து தெரிந்துகொண்டிருந்தாள். காரின் பின்பக்கம் முழுக்க கம்பளி ஸ்வெட்டர்கள். நாய் அளவில் பின்னியவை. நான்கு கால்களுக்கும் ஓட்டை, கழுத்தில் குஞ்சம்.

ரேகாவின் கண்ணில் கொட்டகை படவில்லை. நேராக அம்பாரம்தான் பட்டது. பளபளவென்று வெயிலில் பனையோலை. தெற்கே வரிசையாக வாசல்கள். வாசலுக்கு ஒரு நாய்த்தலை.

"ஐயோ கடவுளே," என்றாள். "சார், இவ்ளோ பெரிய வீடா! நாய்ங்களுக்காகவா கட்டினீங்க?"

தெய்வசிகாமணி வாயைத் திறந்தார். அவர் சொல்லியிருக்க வேண்டியது ஒரே வார்த்தை. 'உப்பு.' அவ்வளவுதான். ஆனால் அவர் முகத்துக்கு நேரே ஒரு போன் நீட்டியிருந்தது. அதன் பின்னால் இன்னும் இரண்டு போன்கள். அவர் சொந்தக்காரர்கள்கூட அவரை அப்படி மரியாதையாகப் பார்த்தது இல்லை.

"ஏதோ... நம்மால முடிஞ்சது," என்றார்.

பக்கிரி பாத்தியில் கால் வழுக்கியவன் மாதிரி நின்றான்.

சத்யப்ரியாவுக்கு அது உப்பு என்று தெரியும். அவள் மறுத்துப் பேசியிருக்கலாம். அப்பாவைப் பார்த்தாள். அம்பாரத்தைப் பார்த்தாள். அவர் அப்படிச் சொன்ன பிறகு இனி யாரும் அந்த நாய்களை அங்கிருந்து கிளப்ப முடியாது என்பது அவருக்கு முன்னால் அவளுக்குப் புரிந்துவிட்டது. அழகாகச் சிரித்தாள்.

ஒரு பொன்னாடை கொண்டுவந்திருந்தார்கள். அதை அவருக்குப் போர்த்தினார்கள். ஆக, குளிருக்கு முதல் போர்வை கிடைத்தது அவருக்குத்தான். பிறகு நாய்களைப் பிடித்து ஸ்வெட்டர் மாட்டினார்கள். நாய்கள் பள்ளிக்கூடத்து ஆண்டுவிழாவில் வேஷம் கட்டப்பட்ட பிள்ளைகள் மாதிரி அசையாமல் நின்றன. பக்கிரியும் இன்னும் சிலரும் விடியாத நேரத்திலிருந்து முழங்கால் சேற்றில் நின்று பாத்தி மிதித்துவிட்டு, கால் வெளுத்துப்போய் வரப்பில் உட்கார்ந்திருந்தார்கள்.

"மேடம், எங்க அளவுல ஏதாவது இருக்குதா?" என்று கேட்டான் பக்கிரி.

ரேகா வாய்விட்டுச் சிரித்தாள். உப்பளத்து ஆட்கள் எவ்வளவு வேடிக்கையாகப் பேசுகிறார்கள் என்று பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள். பக்கிரியும் சிரித்தான். அவன் வேடிக்கையாகக் கேட்கவில்லை.

மத்தியானத்துக்குள் ஒரு ஸ்வெட்டர் வேலிக்காத்தான் முள்ளில் தொங்கியது. இன்னொன்று வாய்க்கால் தண்ணீரில் மிதந்தது. ஒரு நாய் மட்டும் முன்னங்கால் இரண்டும் ஒரே ஓட்டையில் மாட்டிக்கொண்டு, நொண்டி நொண்டிப் பெரிய ரோடு வரை போய்விட்டு வந்தது. செவலை தன்னுடையதைப் பல்லால் இழுத்துக் கழற்றி, உள்ளே கொண்டுபோய்க் குட்டிகளுக்கு அடியில் தள்ளிவிட்டது. அங்கே இருந்தவர்கள் எல்லோரிலும் விஷயம் தெரிந்தது அதற்கு ஒன்றுக்குத்தான்.

வீடியோ பரவியது. அதன் பலன் உடனே தெரிந்தது. கீழ்புத்துப்பட்டிலிருந்து ஒருவர் பைக்கில் வந்து, கண் தெரியாத கிழ நாய் ஒன்றை அம்பாரத்தின் கம்பில் கட்டிவிட்டு, "இங்க நல்லாப் பாத்துக்கிறீங்கன்னு சொன்னாங்க" என்று கும்பிட்டார். சென்னைக் கார் ஒன்று நிற்காமலே கதவைத் திறந்து ஒரு பொமரேனியனை இறக்கிவிட்டுப் போயிற்று. அது சாலையோரம் நின்று கொஞ்ச நேரம் கார் போன திக்கைப் பார்த்தது. பிறகு மற்ற நாய்கள் போகிற வழியைப் பார்த்து நடந்தது. ஓலையில் வாசல்கள் கூடின. தெற்கில் இடம் போதாமல் கிழக்கிலும் பிரிக்க ஆரம்பித்தன.

தெய்வசிகாமணி தினமும் விடிந்ததும் குரங்குக் குல்லா போட்டுக்கொண்டு அம்பாரத்தைச் சுற்றி வந்தார். நாய்கள் வாலாட்டின. அவர் ஓலைக்குள் கைவிட்டு உப்பைத் தடவிப் பார்ப்பார். தெற்கில் பிசுபிசுத்தது. டீக்கடையில், "இன்னா சிகாமணி, உன் புள்ளகுட்டிங்கல்லாம் சௌக்கியமா?" என்று கேட்டார்கள். அவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

போகிக்கு முந்தின நாள் அவருக்கு அடுத்த யோசனை வந்தது. போகி விடியலில் ஊரெல்லாம் பழையதைக் கொளுத்தி மோளம் அடிப்பார்கள். மோளம் என்றால் நாய்க்கு ஆகாது. அம்பாரத்தைச் சுற்றி மோளம் அடித்தால் ஓடிவிடும். பண்டிகைக்கு மோளம் அடித்தவன் மேல் எந்த மகளும் கம்ப்ளைண்ட் கொடுக்க முடியாது. கடைவீதியில் பிள்ளைகள் வாங்கும் சின்ன மோளம் ஒன்று வாங்கிவந்தார்.

"பக்கிரி, காலைல வந்து நீ அடி."

"நானா? சின்னப் புள்ளைங்க பாத்தா சிரிக்கும் மொதலாளி."

ஆகவே விடியலில், ஊரில் பாதி உப்பளத்துக்குச் சொந்தக்காரர் என்று சொல்லிக்கொள்ளும் ஒரு பெரிய மனிதர், குல்லா போட்டுக்கொண்டு, குழந்தைகள் மோளத்தை இடுப்பில் இடுக்கி அடித்தபடி, ஓர் உப்புக் குவியலை வலம் வந்தார்.

கணக்கில் ஒன்றை விட்டுவிட்டார். அதே நேரத்தில் ஊரில் தெருவுக்குத் தெரு மோளம் அடித்தார்கள். டயர் எரிந்தது. புகை எழுந்தது. ஊரிலிருந்த நாய்கள் எல்லாம் வாலை இடுக்கிக்கொண்டு சத்தமில்லாத ஒரே திசையை நோக்கி ஓடின. அந்தத் திசை உப்பளம். அங்கே ஒரே ஒரு சின்ன மோளம்தான். ஊர்ச் சத்தத்துக்கு அது எவ்வளவோ தேவலை. அவருடைய காலிடுக்கில் புகுந்து நாய்கள் அம்பாரத்துக்குள் போயின. உள்ளே இருந்தவை ஊளையிட்டபடி இன்னும் ஆழமாகப் போயின. ஓலை குலுங்கியது.

பக்கிரி வரப்பில் நின்று டீ குடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தான்.

"மொதலாளி, இது அனுப்புற மோளமா, அழைக்கிற மோளமா?"

தெய்வசிகாமணி மோளத்தை வாய்க்காலில் வீசினார். அது மிதந்தது.

காணும் பொங்கல் முடிந்த மறுநாள் காசிலிங்கம் லாரியோடு வந்தான். சொன்ன நாளில் வந்தது அதுதான் முதல் தடவை. வடக்குப் பக்கம் ஓலையை விலக்கி ஒரு பிடி உப்பை எடுத்தான். கையில் இறுக்கிப் பிடித்து விரித்தான். உப்பு பொலபொலவென்று உதிர்ந்தது.

"நல்லாத்தான்ண்ணா வெச்சிருக்கிற," என்றான். தெய்வசிகாமணிக்கு மூச்சு வந்தது.

காசிலிங்கம் தெற்குப் பக்கம் போனான். அங்கே நின்றான். ஓலைக்குள்ளிருந்து பல தலைகள் அவனைப் பார்த்தன. பொமரேனியன் குரைத்தது.

"அண்ணா, இது அந்த வீடுல்ல?"

"எந்த வீடு?"

"என் பொண்டாட்டி போன்ல காட்னாண்ணா. நாய்க்கு வீடு கட்டின மகராசன்னு. பொன்னாடையெல்லாம் போத்திக்கினு நின்னியா, எனக்கு அடையாளம் தெரியல." காசிலிங்கம் லாரி ஆட்களைக் கையமர்த்தினான். "டேய், மம்பட்டிய வெய்ங்கடா. குட்டி போட்ட நாய் உள்ள கெடக்குது. நா இத பிரிச்சேன்னு வெச்சிக்க, நாளைக்கு என் மூஞ்சியயும் அதே போன்ல போடுவாங்க. எனக்கு வீட்ல சோறு கெடைக்காது."

"இது உப்புப்பா! என் உப்பு!"

"அத அந்தம்மாகிட்டச் சொல்லு. அவங்க வந்து சரின்னு சொல்லட்டும், ஏத்திக்கிறேன். மத்தியானம் வரைக்கும் நிக்கிறேன். இல்லன்னா வண்டிக்கு வேற எடம் இருக்குது."

மத்தியானம் வரை. அதற்கு மேல் இந்த உப்புக்கு வேறு லாரி கிடையாது. மாசி வந்துவிடும். ஐப்பசியில் சிரித்தவர்கள் இன்னொரு தடவை சிரிப்பார்கள். வீட்டில் ஜெயா சிரிக்கக்கூட மாட்டாள், அது இன்னும் மோசம்.

அவர் ரேகாவுக்குப் போன் செய்தார். ஏன் வரச் சொல்கிறார் என்று சொல்லவில்லை. அவருக்கே தெரியவில்லை. அம்பாரத்தின் மேல் கைவைக்கப் போகிறார் என்று ஜெயா சொல்லி, சத்யப்ரியா முதலில் வந்துவிட்டாள். தெற்கு வாசல்களுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"பிரிக்க விட மாட்டேன்ப்பா. வீடுன்னு நீங்கதான சொன்னீங்க?"

"வாய் தவறிச் சொல்லிட்டேன்டி."

"மூணு கேமராவுலயும் தவறிட்டீங்க."

கார் வந்தது. ரேகாவும் குழுவும் இறங்கினார்கள். லாரியைப் பார்த்ததும் அவர்கள் முகம் மாறியது. போன்கள் வெளியே வந்தன.

"சார், என்ன இது? வீட்டை இடிக்கப் போறீங்களா?"

தெய்வசிகாமணி வாயைத் திறந்தார். பயத்தில் நெற்றியில் வேர்த்தது. துண்டால் துடைத்தார். ரேகாவைப் பார்த்தார். உச்சி நெருங்கும் வெயிலில் அவளும் வேர்த்துப்போய், கையால் விசிறிக்கொண்டிருந்தாள். அந்தக் கையை ஒரு கணம் பார்த்தார். அங்கேதான் அவருக்கு வழி திறந்தது.

"மேடம், தை பொறந்துடுச்சு," என்றார்.

"அதனால?"

"குளுரு போயிடுச்சுங்க. இன்னிக்கு வெயிலப் பாருங்க. நமக்கே இப்டி வேர்க்குதே, ஓலைக்குள்ள இருக்கிற ஜீவனுக்கு எப்டி இருக்கும்? கைய வுட்டுப் பாருங்க."

ரேகா ஓலைக்குள் கைவிட்டாள். காலை முழுக்க வெயில் குடித்த ஓலை. உள்ளே வேறு இத்தனை நாய்களின் உடம்புச் சூடு. சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"ஐயோ, கொதிக்குது!"

"நாய்க்கு நம்மள மாதிரி வேர்க்காதுங்களே. நாக்குலதான் சூட்ட வுடும். பாருங்க எப்டி எளைக்குதுன்னு."

நாய்கள் இளைத்தன. சுற்றிலும் இத்தனை ஜனமும் ஒரு லாரியும் நின்றால் யாருக்குத்தான் இளைக்காது.

"ராத்திரியெல்லாம் எனக்குத் தூக்கமே இல்லங்க," என்றார் தெய்வசிகாமணி. இது மட்டும் உண்மை. "குளுருக்குக் கட்னது வெயிலுக்கு எமனாப் போயிடக் கூடாதே. அதான் மனசக் கல்லாக்கிக்கினு பிரிச்சிடலாம்னு வண்டி சொன்னேன்."

காசிலிங்கம் தன் லாரியைப் புதிதாகப் பார்த்தான்.

ரேகா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு போனைப் பார்த்துத் திரும்பி நின்று, குளிர்காலப் பணி இன்றோடு வெற்றிகரமாக முடிந்தது என்றும், கோடைக்காலப் பணி இந்த நிமிஷம் இந்த இடத்தில் தொடங்குகிறது என்றும் அறிவித்தாள். குழு கைதட்டியது. லாரி ஆட்களும் கைதட்டினார்கள். அவர்களுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

சத்யப்ரியா அப்பாவின் அருகில் வந்தாள்.

"காலைல குல்லா போட்டுக்கிட்டு வெளிய போனீங்க."

"அது காலைல," என்றார் தெய்வசிகாமணி.

அவள் தெற்கு வாசலில் குனிந்தாள். ஒரு கூடை கொண்டுவரச் சொல்லி, குட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து அதில் வைத்தாள். செவலை அவள் கையையே பார்த்துக்கொண்டு பின்னால் போயிற்று. குழு காரிலிருந்து தண்ணீர்த் தொட்டிகளை இறக்கி வரப்பு ஓரமாக வைத்தது. ஆட்கள் ஓலையைப் பிரித்துப் பிரித்து வாய்க்கால் பக்கம் எறிந்தார்கள். மம்பட்டி இறங்கியது. தெற்கில் மேல்வாட்டம் ஈரம் ஏறிப் பாறையாகக் கட்டியிருந்தது. காசிலிங்கம் அதைத் தட்டித் தள்ளிவிட்டு, விலையில் கொஞ்சம் தட்டினான். தெய்வசிகாமணி வழக்கமாகப் போடும் சண்டையில் பாதிதான் போட்டார்.

சாயந்தரத்தில் எல்லோரும் போய்விட்டார்கள். அம்பாரம் இருந்த இடம் வெள்ளையாக, வழித்த இலை மாதிரி கிடந்தது. வாடை மறுபடியும் கிளம்பியது. தை பிறந்த செய்தி அதற்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. நாய்கள் வெள்ளைத் தரையைச் சுற்றி நின்றன. கிழ நாய் தன் வாசல் இருந்த இடத்தில் மூக்கை வைத்துத் தேடியது. தண்ணீர்த் தொட்டிகள் நிறையத் தண்ணீர். அவற்றை ஒரு நாயும் சீண்டவில்லை.

தெய்வசிகாமணி மோட்டார் கொட்டகை வாசலில் குந்தியிருந்தார். ஜெயா சொம்பில் டீ கொண்டுவந்திருந்தாள். அவர் ஊதி ஊதிக் குடித்தார். ஜெயித்தவர் மாதிரித்தான் இருந்தார்.

செவலை கூடைக்குள் தலையை விட்டது. ஒரு குட்டியைப் பிடரியில் கவ்வி எடுத்தது. வெள்ளைத் தரையைத் தாண்டி, கொட்டகையைத் தாண்டி, வாய்க்கால் ஓரத்தில் ஆட்கள் எறிந்திருந்த ஓலைக் குவியலுக்குள் நுழைந்தது. வெளியே வந்து அடுத்த குட்டியை எடுத்தது. கடைசிக் குட்டி உள்ளே போகும்போது மற்ற நாய்களும் வரிசையாக அங்கே போய்ச் சேர்ந்திருந்தன. கொஞ்ச நேரம் ஓலை சரசரத்தது. பிறகு அடங்கியது.

டீ ஆறிக்கொண்டிருந்தது.

அவற்றுக்கு உப்பு வேண்டாம். என்றைக்கும் வேண்டியிருக்கவில்லை. ஓலைதான் வேண்டும்.

"ஏங்க," என்றாள் ஜெயா. "கொட்டகைக்குப் பின்னாடி போன வருஷத்துப் பழைய ஓலை ஒரு வண்டி கெடக்குதே. சாக்கப் போட்ட அன்னிக்கு அத அள்ளிப் போட்டிருந்தா?"

தெய்வசிகாமணி திரும்பிக் கொட்டகைக்குப் பின்னால் பார்த்தார். கிடந்தது. மார்கழி பூராவும் அதைத் தாண்டித்தான் போய்வந்துகொண்டிருந்தார். உப்பளத்தில் பிறந்து வளர்ந்தவருக்கு ஓலை என்றால் உப்புக்கு மேல் போடுவது. வேறு எதற்கும் மேல் அதைப் போடலாம் என்று அவருக்கோ அவர் அப்பாவுக்கோ தோன்றியதில்லை.

"ஓலை உப்புக்குத்தான்டி," என்றார்.

"இப்ப உப்பு இல்லியே."

"அதான் அதுங்களுக்குப் போட்டிருக்கேன்."

அவர் போடவில்லை. லாரி ஆட்கள் எறிந்தது. ஜெயா அதைச் சொல்லிக்காட்டவில்லை. சொல்லிக்காட்ட அவளுக்கு இதைவிட நல்ல விஷயங்கள் இருந்தன.

"சரி. காலைல அந்தப் பழைய ஓலையில கொஞ்சம் எடுத்துக்கினு போறேன். வெந்நி வெக்க அடுப்புக்கு வேணும்."

"அத எடுக்காத."

"ஏன்?"

"மாசியில புது உப்புக்கு அம்பாரம் போடணும். அதுங்க இங்கயே கெடந்தாத்தான் அங்க வராது." சொம்பைக் கீழே வைத்து எழுந்தார். குல்லாவைக் காது வரை இழுத்துவிட்டுக்கொண்டு, கொட்டகைக்குப் பின்னால் போய் ஓர் அணைப்புப் பழைய ஓலையை அள்ளினார். நடந்துபோய்க் குவியலின் வடக்குப் பக்கம், காற்று வருகிற இடத்தில் போட்டார். உள்ளே செவலை உறுமியது.

"ஒன்ன யாரும் கேக்கல," என்று அதனிடம் சொல்லிவிட்டு, அடுத்த அணைப்புக்குத் திரும்பினார்.